பொட்டு வைச்ச மட்டை

உங்கட முதலாளி கவின் எனக்கு அரை மணித்தியாலம் தந்திருக்கிறார். புதுசா வேலைக்கு வந்த பிள்ளையளோட கதைக்கட்டாம், அனுபவத்தைச் சொல்லட்டாம். நான் வேலையை விட்டு நிண்டு ஒரு வருசமும் ஆகேல்லை, அதுக்குள்ள என்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப் பாக்கிறார். சரி, வந்திட்டன். தேத்தண்ணியும் தந்திட்டியள். சீனி கூடிப் போச்சு, பரவாயில்லை.

உள்ள வரேக்கை, அந்த யன்னலோரம் இருக்கிற பிள்ளை என்னட்டை ஒரு கேள்வி கேட்டவ. எங்கட இணையத்தளத்தில பழைய விளையாட்டுச் சாமான் விக்க வாற ஆக்கள் ஒரு படிவம் நிரப்ப வேணும். அதில "இது உங்களிடம் எப்படி வந்தது?" எண்டு ஒரு கேள்வி. அதுக்கு அஞ்சு பதில். அஞ்சாவது, "வீதியோரத்தில் எறிய வைத்திருந்ததை எடுத்தேன்." பிள்ளை கேக்கிறா, "அன்ரி, உதை ஆர் போட்டது? களவெடுக்கிறவனுக்கு நாங்களே வழி காட்டிக் குடுக்கிற மாதிரி எல்லோ கிடக்கு?"

நல்ல கேள்வி. நான்தான் போடச் சொன்னனான். ஏன் எண்டு சொல்லுறன். ஆனா கடைசியில "அப்ப அன்ரி, எது சரி?" எண்டு கேட்டுப்போடாதேங்கோ. இந்தக் கதையில எனக்கு எது சரி எண்டு அண்டைக்கும் விளங்கேல்லை, இண்டைக்கும் விளங்கேல்லை. விளங்கின மாதிரி நடிக்கிற வயசும் போட்டுது.

தொடக்கத்தில நாங்கள் நாலு பேர்தான். பரமட்டாவில ஒரு பல் வைத்தியருக்கு மேல ரெண்டு அறை. கீழ ஆக்கள் பல்லுப் பிடுங்கக் கத்துறது எங்களுக்கு மேல கேக்கும். கவினும் அவர்ட கூட்டாளிமாரும் கொம்பியூட்டர் வேலை. நான் கனகாலம் ஒரு வங்கியில வாடிக்கையாளர் முறைப்பாடு கேட்டுக் கேட்டுக் காது தேஞ்சு போய் வந்தனான். "அன்ரி, உங்களுக்கு ஆக்கள் பொய் சொன்னால் தெரியும்தானே, நீங்கள் அதைப் பாருங்கோ" எண்டு கவின் என்னை வேலைக்கு எடுத்தவர். பெரிய நம்பிக்கைதான். முதல் மாதமே ஒருத்தர் தான் பாவிச்ச பல்லுக் காப்பை விக்கப் போட்டார், கால்பந்து விளையாடேக்கை வாய்க்குள்ள போடுற ரப்பர். "ஒரு சீசன் மட்டும் பாவித்தது, நல்ல நிலை" எண்டு எழுதி, பல்லுப் பதிஞ்ச அடையாளத்தோட ஒரு படமும். அது பொய்யோ உண்மையோ? உண்மைதான். உண்மையை வைச்சு நான் என்ன செய்யிறது எண்டுதான் எனக்குத் தெரியேல்லை.

களவுச் சாமான் வருமோ எண்ட பயத்திலதான் அந்தக் கேள்வியைப் படிவத்தில போட்டது. அப்ப நாலு பதில்தான். புதிதாக வாங்கினேன், பழையதாக வாங்கினேன், பரிசாகக் கிடைத்தது, நண்பர் தந்தது. ஒண்டை அமத்தினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். "உலகத்தில இருக்கிற எல்லாம் இந்த நாலுக்குள்ள அடங்கும் அன்ரி" எண்டார் கவின். இங்க பிறந்து வளர்ந்த பிள்ளை. எனக்கும் அது சரியாத்தான் பட்டது.

அது ஆவணி மாதம். குளிர் இன்னும் விடேல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலமை சுரேஷ் எண்டு ஒருத்தர் போன் எடுத்தார். நார்த்மீட்டில வீடு. கோயம்புத்தூர் ஆக்கள்.

"மேடம், என் பொண்ணோட பேட் உங்க சைட்ல விலைக்கு நிக்குது. வெள்ளிக்கிழமை வீட்டு வாசல்ல இருந்து கிட் பேக்கோட காணாமப் போச்சு. போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்தாச்சு."

"உங்கட மட்டைதான் எண்டு எப்பிடித் தெரியும்? ஒரே மாதிரி ஆயிரம் மட்டை இருக்குமே."

"குங்குமம் மேடம். என் ஒய்ஃப் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு பேட்டுக்குப் பொட்டு வைப்பா. பின்னாடி, கைப்பிடிக்குக் கீழ. உங்க போட்டோவுல அது அப்படியே தெரியுது."

நான் படத்தைத் திறந்து பாத்தன். ஓம். சந்தனம் காய்ஞ்சு மஞ்சளா ஒரு வட்டம், அதுக்கு நடுவில சிவப்பு. சிட்னியில எத்தினை கிரிக்கெட் மட்டைக்கு நெத்தியில பொட்டு இருக்கும்? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்.

அந்த மனிசனில எனக்கு ஒரு குறையும் சொல்ல ஏலாது. மகள் மீனாவுக்குப் பதினைஞ்சு வயசு. அந்த ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வு. "புதுசு வாங்கித் தரேன்னு சொன்னேன் மேடம். அவ கைக்குப் பழகின பேட் அதுதான்னு அழறா" எண்டார்.

சாமானை விக்கப் போட்டவர் யோகன். அவரை எனக்குத் தெரியும். நேரில இல்லை. கணக்குத் திறக்கேக்கை அவர் அனுப்பின அடையாள அட்டையை நான்தான் பாத்து அனுமதிச்சனான். ஊரில இருந்து தஞ்சம் கேட்டுப் படகில வந்தவர். தற்காலிக விசா. வெஸ்ட்மீட்டில ரெண்டு பேரோட சேந்து ஒரு அறையில இருந்துகொண்டு, பகலில ஆஸ்பத்திரித் துணி ஏத்தி இறக்கிற வேலை. மிச்ச நேரத்தில பழைய விளையாட்டுச் சாமான் எடுத்து, துடைச்சுத் திருத்தி எங்கட தளத்தில விக்கிறவர். வாங்கின ஆக்கள் எல்லாரும் நல்லதாத்தான் எழுதியிருந்தவை. ஒரு முறைப்பாடும் இல்லை.

போன் எடுத்தன். "தம்பி, அந்தக் கிரிக்கெட் பை உங்களிட்டை எப்பிடி வந்தது?"

"நண்பர் ஒருத்தர் தந்தவர் அக்கா."

"எந்த நண்பர்?"

"தெரிஞ்ச ஒருத்தர்."

"அவரோட நான் ஒருக்காக் கதைக்கலாமோ?"

"அவர் மெல்பேர்னுக்குப் போட்டார் அக்கா. ரோவில்லில இருக்கிறார்."

"நம்பரைத் தாங்கோ."

"நம்பர் மாத்திப் போட்டார்."

வங்கியில இருந்த காலத்தில இப்பிடிக் கதை எத்தினை கேட்டிருப்பன். பெயர் இல்லாத நண்பர், ஊர் மாறின நண்பர், நம்பர் மாத்தின நண்பர். பச்சைப் பொய். போனை வைச்சிட்டு, முடிஞ்சுது அலுவல் எண்டுதான் நினைச்சன். பேந்து திரும்பவும் அந்தப் படத்தைப் பாத்தன். மட்டையை எண்ணெய் போட்டு வடிவாத் துடைச்சிருந்தார். பிடிக்குப் புதுசா ரப்பர் சுத்தியிருந்தார். பொட்டை மட்டும் தொடேல்லை. களவெடுத்தவன் எண்டால் முதல் துடைக்கிறது அதைத்தானே? ஈரத்துணியால ஒரு தரம் உரஞ்சினால் போயிடும். ஏன் விட்டவர்? மண்டை விறைச்சுப் போச்சு எனக்கு.

மத்தியானம் பொலிஸில இருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். விக்கப் போட்டவரின்ர பெயரையும் விலாசத்தையும் வியாழன் மத்தியானத்துக்குள்ள தரச் சொல்லி. கவின் என்ர மேசைக்கு வந்து நிண்டார்.

"அன்ரி, திஸ் இஸ் சிம்பிள். எக்கவுண்டை மூடுறம், விவரத்தை அனுப்புறம். அதுதான் எங்கட ரூல்."

"ரூல் எனக்கும் தெரியும். பொலிஸ் கேட்டால் குடுக்கத்தான் வேணும், அதில எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. வியாழன் மத்தியானம் எண்டுதானே கேட்டிருக்கினம்? இண்டைக்குச் செவ்வாய்."

"ஏன் பிந்துவான்? அவர் பொய் சொல்லுறார் எண்டு நீங்களே சொன்னனீங்கள்."

"பொய்தான் சொல்லுறார். ஏன் சொல்லுறார் எண்டுதான் தெரியேல்லை."

கவின் தலையில கை வைச்சார். பாவம். ஆனா ஒண்டை யோசியுங்கோ பிள்ளையள். உங்களுக்கோ எனக்கோ களவு எண்டு ஒரு முறைப்பாடு வந்தால், அழுவம், வக்கீலைப் பிடிப்பம், ஒரு மாதிரித் தப்புவம். தற்காலிக விசாக்காரருக்குக் களவு வழக்கு எண்டால் விசாவிலையே கை வைக்கலாம். பேந்து திருப்பி அனுப்புற கதை. ஒரு பக்கம் ஒரு பிள்ளையின்ர கிரிக்கெட் மட்டை, மற்றப் பக்கம் ஒரு மனிசன்ர சீவியம். ரெண்டையும் சேத்து ஒரே கடிதத்தில போட்டு அனுப்பச் சொல்லுறார் கவின். எனக்குக் கை ஓடேல்லை.

புதன்கிழமை பின்னேரம், அவர்ட வேலை முடியிற நேரம் பாத்து, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில ஒரு கோப்பிக் கடைக்கு வரச் சொன்னன். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், மெலிஞ்ச ஆள். தோளில அந்தக் கிரிக்கெட் பை. கதிரையில இருக்க முதலே பையை எனக்கு முன்னால வைச்சார்.

"அக்கா, இதைக் குடுத்திடுங்கோ. ஒண்டும் எடுக்கேல்லை, எல்லாம் அப்பிடியே இருக்கு."

"குடுத்தால் முடியிற அலுவல் இல்லை தம்பி. பொலிஸ் உங்கட பெயரைக் கேக்குது."

அவர் கோப்பியைச் சுத்திச் சுத்திக் கலக்கினார். சீனி போடாத கோப்பி.

"உண்மையைச் சொல்லுங்கோ. அந்த நண்பர் ஆர்?"

"நான் எழுதினதுதான் அக்கா உண்மை."

எனக்குக் கோவம் வந்திட்டுது. "என்ன விசர்க்கதை கதைக்கிறீங்கள்? உங்களுக்காக நான் கவினோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். நீங்கள் என்னட்டையே கதை விடுறீங்கள்" எண்டு பேசிப்போட்டன். பக்கத்து மேசையில இருந்த நர்ஸ்மார் திரும்பிப் பாத்தவை.

அப்பதான் சொன்னார், கோப்பையைப் பாத்துக்கொண்டே. "அக்கா, நாங்கள் கடலால வந்து இறங்கின அடுத்த நாள் இமிகிரேசன் ஆக்கள் கேட்டவை, எந்த மாதம் ஊரால வெளிக்கிட்டனீங்கள் எண்டு. எனக்கு என்ர பெயரே ஞாபகம் இல்லாத நேரம். வைகாசி எண்டு சொன்னன். பேந்து ஆறுதலா யோசிச்சால், வைகாசி இல்லை, ஆனி. ரெண்டாம் முறை கேக்கேக்கை திருத்திச் சொன்னன். உண்மையைத்தான் சொன்னன். 'இவர் தன்ர கதையை மாத்துறார், இவரை நம்ப ஏலாது' எண்டு எழுதிப் போட்டினம். அந்த ஒரு வரியால நான் இவ்வளவு காலம் இழுபடுறன். அண்டையில இருந்து நான் ஒண்டையும் மாத்திறேல்லை. பிழை எண்டாலும் முதல் சொன்னதுதான்."

"அப்ப முதலே ஏன் நண்பர் எண்டு அமத்தினீங்கள்?"

"நாலு பதில்தானே அக்கா இருந்தது? நான் புதுசா வாங்கேல்லை. பழசா வாங்கேல்லை. பரிசும் இல்லை. மிச்சம் நண்பர்தான். ஒண்டை அமத்தாட்டில் அடுத்த பக்கம் போகுதில்லை."

எங்கட நாலு பதிலையும் போட்டுட்டு, நாங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் எண்டு கேக் வெட்டினது ஞாபகம் வந்தது.

பேந்து மெல்லச் சொன்னார். நார்த்மீட்டில அந்தக் கிழமை கவுன்சில் கிளீனப். உங்களுக்குத் தெரியும்தானே, வேண்டாத பெரிய சாமானை எல்லாரும் வீட்டுக்கு முன்னால புல்லில வைப்பினம், லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். லொறி வர முதல் அவர் கூட்டாளியின்ர யூட்டில, பின்பக்கம் திறந்த அந்தச் சின்ன வாகனத்தில, ஒரு சுத்துச் சுத்துவார். அந்தப் பை ஒரு மெத்தைக்கும் உடைஞ்ச மின்விசிறிக்கும் பக்கத்தில கிடந்ததாம்.

"மட்டையில பொட்டு இருந்தது காணேல்லையோ? பொட்டு வைச்ச சாமானை ஆரும் எறிவினமோ எண்டு ஒருக்கா யோசிச்சிருக்கலாம்தானே?"

"கண்டனான் அக்கா. வீட்டை கொண்டு வந்து திறந்தாப் பிறகுதான் கண்டனான். எனக்கும் விளங்கேல்லை. ஆனா இங்க ஆக்கள் எதைத்தான் எறியேல்லை? வீடு மாறேக்கை சாமிப் படத்தையே புல்லில வைச்சிட்டுப் போனதைக் கண்டிருக்கிறன். அவை எறிஞ்சால் எறியட்டும், நான் எப்பிடிக் குங்குமத்தைத் துடைக்கிறது?"

எழும்பேக்கை திரும்பவும் சொன்னார், "அக்கா, நீங்கள் எழுதேக்கை நண்பர் எண்டே எழுதுங்கோ. மாத்திப் போடாதேங்கோ." போட்டு வாறன் எண்டு சொல்லிப் போனார். நான் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தன். சரியான பாரம்.

வியாழன் காலமை நான் ஒஃபிசுக்குப் போகேல்லை, நேரா நார்த்மீட்டுக்குப் போனன். முறைப்பாடு செய்தவரின்ர வீட்டுக்குப் போறது எங்கட விதியில இல்லை. கவின் போனில வேண்டாம் வேண்டாம் எண்டு கத்தினவர். என்ர கார், என்ர பெற்றோல் எண்டு சொல்லிப் போட்டு வைச்சிட்டன். நீங்கள் ஒருத்தரும் இப்பிடிச் செய்யாதேங்கோ, வேலை போகும்.

வாசலில செருப்புத் தட்டு. நானும் சப்பாத்தைக் கழட்டி வைச்சன். சுரேஷின்ர மனிசி வித்யா கதவைத் திறந்தவ. உள்ளுக்கு இன்னும் கற்பூர வாசம். கோப்பி தந்தவ, நல்ல டிகிரி கோப்பி. சுரேஷ் வேலைக்குப் பிந்திப் போறன் எண்டு சொல்லிக் காத்துக்கொண்டு இருந்தவர்.

"வெள்ளிக்கிழமை வீட்டில என்ன விசேஷம்?" எண்டு கேட்டன்.

"வரலட்சுமி நோன்பு அக்கா. லேடீஸ் நிறையப் பேர் வந்தாங்க. கராஜ்லதான் சாப்பாடு போட்டோம். அந்த பேக் அங்கதான் இருக்கும். ஷூ, லெதர் கிளவுஸ், வேர்வை நாத்தம். அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படிச் சாப்பாடு போடறது? அதான் வெளிய வச்சேன்."

நான் சிரிச்சிட்டன். என்ர வீட்டிலையும் இதே கூத்துத்தான். பெறாமகனின்ர காற்பந்துச் சப்பாத்தை விரத நாளில வெளியில போட்டு, மழையில நனைஞ்சு, அவன் ஒரு கிழமை என்னோட கதைக்காமல் இருந்தவன். ஒரு நாளைக்கு வீட்டுக்குள்ள விடாத சாமானுக்கு இன்னொரு நாளைக்குச் சந்தனமும் பொட்டும். எங்கட ஆக்களை எந்த நாலு பதிலுக்குள்ள அடக்கிறது?

"வெளியில எண்டால் எங்க? இந்தச் செருப்புத் தட்டுக்குப் பக்கத்திலயோ?"

"இல்லக்கா, அது வழியாத்தானே எல்லாரும் வருவாங்க. கொஞ்சம் தள்ளி, லெட்டர் பாக்ஸ் கிட்ட."

மூண்டு பேரும் வெளியில போனம். போய்ப் பாத்தால் வேலியே இல்லை. வீட்டுப் புல்லும் கவுன்சில் புல்லும் ஒரே புல்லு, ஒரே மிஷினால வெட்டினது. பக்கத்து வீட்டுக்கு முன்னால ஒரு மெத்தை இன்னும் கிடந்தது, மழையில ஊறி. லொறிக்காரர் அதை எடுக்காமல் விட்டிட்டுப் போட்டினம்.

சுரேஷ் கையை நீட்டிக் காட்டினார். "லெட்டர் பாக்ஸுக்கு இந்தப் பக்கம் என் நிலம். அந்தப் பக்கம் கவுன்சிலுது. நீ எந்தப் பக்கம் வச்ச?"

வித்யா அங்க பாத்தா, இங்க பாத்தா. "இந்தப் பக்கம்தான்... இல்ல, பூச்செடி இடிக்குதுன்னு நகர்த்தி வச்சேன்." குனிஞ்சு புல்லைப் பாத்தா. "தெரியலைங்க."

மூண்டு பேரும் காலுறையோட ஈரப் புல்லில நிண்டு, ஒரு பை கிடந்த இடத்தைத் தேடினம். இந்தப் பக்கம் எண்டால் களவு. அந்தப் பக்கம் எண்டால் குப்பை. நடுவில ஒரு கோடும் இல்லை. எனக்குக் கால் விறைச்சுது.

"அந்த ஆள்கிட்ட நீங்க கேட்டீங்கள்ல மேடம்? எங்க கிடைச்சதுன்னு சொன்னார்?" எண்டு சுரேஷ் கேட்டார்.

பிள்ளையள், இந்த இடத்திலதான் நான் தடுமாறினன். புல்லில கிடந்து எடுத்தவர் எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனா நாளைக்கு எங்கட படிவம் பொலிசின்ர கைக்குப் போனால் சுரேஷுக்கும் தெரிய வரும். அப்ப நான் சொன்னதையும் சேத்துப் பொய் எண்டுவார். அதால உள்ளதைச் சொன்னன். படிவத்தில நண்பர் தந்தது எண்டு எழுதியிருக்கிறார். என்னட்டை, கிளீனப் குவியலில எடுத்தன் எண்டு சொன்னவர்.

"பாத்தீங்களா? ரெண்டு கதை" எண்டார் சுரேஷ். பிழையாச் சொல்லேல்லை அவர். நானும் செவ்வாய்க்கிழமை பொய் எண்டுதானே சொன்னனான்.

அதுக்குப் பிறகு மிச்சத்தையும் சொன்னன். பெயர் சொல்லேல்லை. நாலு பதில். வைகாசியும் ஆனியும். களவு வழக்கு வந்தால் விசாவுக்கு என்ன நடக்கலாம் எண்டது. சொல்லக் கூடாததையும் சொல்லியிருப்பன், இண்டைக்கும் அது என்னை உறுத்துது. சுரேஷ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"பாவம்தான் மேடம். ஆனா பாவம்னு பாத்தா, என் வீட்டு முன்னாடி இருக்கிறதை யார் வேணா எடுத்துட்டுப் போலாமா? நான் என்ன பண்ணணும்னு சொல்றீங்க?"

"தெரியேல்லை" எண்டன். மெய்யாத்தான் சொன்னன்.

அப்ப வித்யா சொன்னா, "ஏங்க, அதை நான்தான் குப்பையோட போட்டேன்."

"என்னது?"

"நாத்தம் தாங்கல. பேக் பழசாயிடுச்சு. எப்படியும் அவளுக்குப் புதுசு வாங்கித் தரப்போறோம், கிளீனப்ல போகட்டும்னு நான்தான் மெத்தை பக்கத்துல வச்சேன். நீங்க திட்டுவீங்கன்னு வாசல்ல வச்சேன்னு சொல்லிட்டேன்."

மீனா பள்ளிக்கூட உடுப்போட வாசலில வந்து நிண்டவ. "அம்மா, யூ வுட் நெவர்..." எண்டு தொடங்கினவ. வித்யா திரும்பி ஒரு பார்வை பாத்தா. "மீனா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சுரேஷ் மனிசியையே பாத்துக்கொண்டு நிண்டார். பேந்து மெத்தையைப் பாத்தார். பேந்து பொக்கற்றில இருந்து போனை எடுத்து, அந்த இடத்திலயே பொலிசுக்குக் கதைச்சார். குடும்பத்துக்குள்ள ஒரு கன்ஃபியூஷன், பொருள் கிடைச்சிட்டுது, கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிக்கிறோம் எண்டார். தேவையெண்டால் மனைவியும் பேசுவாங்க எண்டு சொல்லி வித்யாவிட்டைக் குடுத்தார். அவவும் அதையே அப்பிடியே சொன்னா, ஒரு சொல்லும் தடக்குப்படாமல்.

நான் காரின்ர பின் கதவைத் திறந்து பையை எடுத்தன். வித்யா ஓடி வந்து என்ர கையால வாங்கினா. அதை வெளியில வைக்கேல்லை, கராஜுக்கும் கொண்டு போகேல்லை. சப்பாத்து, கிளவுஸ், வேர்வை நாத்தம் எல்லாத்தோடையும் நேரா வீட்டுக்குள்ள தூக்கிக்கொண்டு போய், சாமி அலுமாரிக்குப் பக்கத்தில வைச்சா. பையைத் திறந்து மட்டையை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாத்தா. பொட்டைத் தொட்டுப் பாத்திட்டுக் கண்ணில ஒத்திக்கொண்டா. பேந்துதான் நான் வாசலில நிண்டு பாக்கிறது அவவுக்குத் தெரிஞ்சுது. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திட்டன். காலுறை ஈரம்.

குப்பையில போட்ட சாமானை ஆரும் அப்பிடிக் கண்ணில ஒத்துவினமோ? அப்ப அவ எறியேல்லை. எறியேல்லை எண்டால், பையை எந்தப் பக்கம் வைச்சவ? அது அவவுக்கே தெரியாது. தெரியாதபடியால்தான் அப்பிடிச் சொன்னவவோ, இல்லை தெரிஞ்சுகொண்டே சொன்னவவோ? காரை ஓட்டிக்கொண்டு வரேக்கை யோசிச்சு யோசிச்சு, பரமட்டாவுக்குத் திரும்புற பாதையையும் விட்டிட்டன்.

மத்தியானத்துக்கு முன்னமே பொலிஸில இருந்து, விவரம் தேவையில்லை எண்டு எழுதினவை. எங்கட கோப்பில காரணம் எண்ட இடத்தில "உரிமையாளர் எறிவதற்கு வெளியே வைத்தது" எண்டு நான்தான் எழுதி மூடினனான். கவின் ரெண்டு நாள் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. மூண்டாம் நாள் வந்து, "சரி அன்ரி, அந்தப் படிவத்துக்கு என்ன செய்வம்?" எண்டார். அப்பதான் அந்த அஞ்சாவது பதில் வந்தது. அதுக்குக் கீழ சின்ன எழுத்தில ஒரு வரியும் போடச் சொன்னன், நீங்கள் கவனிச்சிருக்க மாட்டியள். "இந்தப் பதிலை நீங்கள் எப்போதும் திருத்தலாம்." கவின் கேட்டார், "அப்ப எல்லாரும் முதல் பொய் சொல்லிப்போட்டுப் பேந்து மாத்துவினமே?" மாத்தட்டும் எண்டன். மாத்தினவையை எல்லாம் பொய்யர் எண்டு எழுத வேற ஆக்கள் இருக்கினம், அந்த வேலை எங்களுக்கு வேண்டாம்.

மீனா தேர்வில முதல் பந்திலேயே அவுட். சுரேஷ்தான் போன் எடுத்துச் சொன்னவர், சிரிச்சுக்கொண்டு. அடுத்த வருசமும் அதே மட்டையோட போகப்போறாவாம்.

யோகனுக்குச் சொன்னன், பொலிஸ் அலுவல் முடிஞ்சுது எண்டு. "உங்கட அந்தப் பழைய பதிலை இப்ப மாத்தலாம் தம்பி, ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம், நான் பாத்துக்கொள்ளுறன்" எண்டன். "ஓம் அக்கா" எண்டார்.

இண்டைக்கு இங்க வந்தவுடன கவினைக் கொண்டு அவர்ட கணக்கைத் திறந்து பாத்தன். அதுக்குப் பிறகு அவர் எத்தினையோ சாமான் போட்டிருக்கிறார். டென்னிஸ் ராக்கெட், கோல்ஃப் குச்சி, சைக்கிள் ஹெல்மெட். எல்லாத்துக்கும் அஞ்சாவது பதிலைத்தான் அமத்தியிருக்கிறார், ஒளிவு மறைவு இல்லாமல். அந்த மட்டைக்கு மட்டும் இண்டைக்கும் "நண்பர் தந்தது" எண்டுதான் கிடக்கு. மாத்தேல்லை.

ஆக எங்கட கோப்பில ரெண்டு வரி இருக்கு. அந்த அம்மா எறிஞ்சவ எண்டு ஒண்டு, நண்பர் தந்தவர் எண்டு ஒண்டு. ரெண்டும் நடக்கேல்லை எண்டு எனக்கு வடிவாத் தெரியும். ஆனா அந்தக் காலமை ஈரப் புல்லில நிண்டு, முகம் தெரியாத ஒரு ஆளுக்காக, பொட்டு வைச்ச மட்டையைத் தான் எறிஞ்சன் எண்டு சொன்ன மனிசியை நினைச்சால், நண்பர் ஒருத்தர் இருந்தவர்தானே எண்டும் தோணுது. அதைப் பொய் எண்டு எழுத எனக்குக் கை வருதில்லை, அப்பிடியே விடுங்கோ எண்டு கவினிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் உங்களிட்டை வந்தனான்.